ஒட்டிய பக்கம்

அவரை எல்லாரும் ஒருவெட்டார் என்றுதான் கூப்பிட்டார்கள். இறைச்சிக் கூடத்தில் முப்பத்தைந்து வருட வேலை. மற்றவர்கள் இரண்டு மூன்று தடவை ஓங்குகிற இடத்தில் இவருக்கு ஒன்று போதும். இடது கைப் பெருவிரலால் மாட்டின் கழுத்தைத் தடவி, எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே எங்கே அமுங்குகிறது என்று பார்ப்பார். அவ்வளவுதான். அடுத்த நொடி அந்த மாடு சிமென்ட் தரையில் கிடக்கும், ரத்தம் சாக்கடைத் துளையை நோக்கி ஓடிக்கொண்டிருக்கும், இவர் கத்தியைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

வாலிபத்தில் அந்தக் கை மாட்டோடு நிற்கவில்லை. கூட வேலை பார்த்த ஒருவன் இவருடைய கத்தியைக் கேட்காமல் எடுத்துவிட்டான் என்று, அவன் தலையை உப்புத்தண்ணீர் பீப்பாய்க்குள் அமுக்கிப் பிடித்தார். நாலு பேர் சேர்ந்து இழுத்த பிறகுதான் விட்டார். அவன் பிழைத்துக்கொண்டதால் இவருக்குப் பதினான்கு மாதத்தோடு போயிற்று. சிறையில் படிக்கக் கிடைத்தது சட்டைப்பை அளவில் ஒரு புதிய ஏற்பாடு மட்டும். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர், அதை நாலு தடவை படித்துவிட்டு வெளியே வந்தார். வந்ததும் முதல் வேலையாகப் பீப்பாய்க்காரன் வீட்டுக்குப் போய் அவன் முன்னால் கைகட்டி நின்றார். அவன் ஓங்கி ஓர் அறை விட்டான். இவர் வாங்கிக்கொண்டு திரும்பினார்.

மனுஷன் அடியோடு மாறிவிட்டார் என்று சொல்லிவிடலாம், ஆனால் நான் சொல்ல மாட்டேன். கோபம் எங்கேயும் போகவில்லை. அதற்கு மேலே ஓர் எஜமான் வந்து உட்கார்ந்தார், அவ்வளவே. வேதத்தைப் பற்றி அவருக்கு இருந்தது ஒரே கருத்து. எழுதியிருந்தால் எழுதியிருக்கிறது. கூடத்துத் தராசு மாதிரி, நமக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் முள் நிற்கிற இடம்தான் எடை.

அவர் போகிற சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஞாயிறுதோறும் வேதாகமத்திலிருந்து மூன்று அதிகாரங்கள், வரிசையாக, எதையும் தாண்டாமல் வாசிப்பார்கள். முதல் அட்டையிலிருந்து கடைசி அட்டைக்குப் போய்ச்சேர எட்டு வருடத்துக்குக் கொஞ்சம் குறையும். யார் யாரைப் பெற்றான் என்று பெயர்ப் பட்டியல் வந்தாலும் தப்ப முடியாது. பாதிச் சபை கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும். இதைத் தொடங்கிவைத்தவர் ஒரு தபால்காரர். "தபாலை நிறுத்திவைக்கத் தபால்காரனுக்கு உரிமை இல்ல. எனக்குப் பிடிச்ச கடிதாசியை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தா என்னை வேலையை விட்டுத் தூக்கிடுவாங்க" என்பார். முதல் சுற்றில் பெரும்பகுதியை வாசித்துவிட்டு, மூன்று வருடம் முன்பு அவர் இறந்துபோனார். அந்த இடத்துக்குப் போதகர் ஒருவெட்டாரை நிறுத்தினார். குரல் பெரிது, பயம் கிடையாது, திக்கினாலும் நிறுத்த மாட்டார் என்பதுதான் தகுதி. அவர் மிச்சத்தை முடித்து, இரண்டாம் சுற்றையும் தொடங்கி, ஒன்றரை வருடத்தில் நியாயாதிபதிகள் என்ற புத்தகத்தின் கடைசிப் பகுதிக்கு வந்திருந்தார்.

அந்த வாரம் வியாழக்கிழமை மத்தியானம் அவருடைய மகள் வீட்டுக்கு வந்தாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். வேலைச் சட்டையோடு, வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். ஒருவெட்டார் பார்த்த உடனே தெரிந்துகொண்டார். தோள்மூட்டு குழியை விட்டு வெளியே வந்திருந்தது. செத்த மாட்டில் அதை அவர் தினமும் எழுபது தடவை செய்கிறவர். உயிரோடிருக்கிற உடம்பில் அப்படிச் செய்ய எவ்வளவு முறுக்க வேண்டும், எந்தப் பக்கம் முறுக்க வேண்டும், அது வெளியே வரும்போது என்ன சத்தம் கேட்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். தெரிந்ததுதான் தொல்லை.

வைத்தியர் தோள்மூட்டைக் குழிக்குள் ஏற்றிக் கட்டுப் போட்டு அனுப்பினார். மாப்பிள்ளையின் சட்டை சரியாகத் தேய்க்கப்படவில்லை என்பது காரணமாம். இது மூன்றாம் தடவை. முதல் தடவை புருவத்தில் ஐந்து தையல். இரண்டாம் தடவை இரண்டு விலா எலும்பு. இரண்டு தடவையும் மாப்பிள்ளை வந்து கூட்டிக்கொண்டு போனான்.

மாப்பிள்ளை கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். அவனுடைய பொறுமையைப் பற்றிப் பேசாத ஆளே இல்லை. அறுபது வயதுக் கிழவிக்கும் "கிளட்ச்சை மெதுவா விடுங்கம்மா, அவசரமே இல்ல" என்று நூறு தடவை சொல்லுவானாம். சபையில் பாட்டுக் குழுவை நடத்துவதும் அவன்தான். இரண்டு தடவை கூட்டிப்போக வந்தபோதும் ஒரே மாதிரி நடந்தது. ஒருவெட்டார் கூடத்துக்குப் போய் நல்ல தொடைக்கறியாகப் பார்த்து வெட்டிக்கொண்டு வந்தார். அம்மா சமைத்தாள். மாமனாரும் மாப்பிள்ளையும் வயிறு முட்டச் சாப்பிட்டார்கள். "மனைவி அடங்கி நடக்கணும்னு வேதத்துலயே இருக்கு மாமா" என்றான் மாப்பிள்ளை. இருக்கிறது என்று இவருக்கும் தெரியும். கடவுள் சேர்த்ததை மனுஷன் பிரிக்கக் கூடாது என்பதும் இருக்கிறது. எழுதியிருந்தால் எழுதியிருக்கிறது. கையைக் கழுவிவிட்டு வந்து மாப்பிள்ளை, "எழுந்திரு, போலாம்" என்பான். மகள் எழுந்து போவாள்.

வியாழன் சாயங்காலமே அவன் போன் செய்துவிட்டான்.

"ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் வந்து சாப்பிட்டுட்டு, அவளைக் கூட்டிட்டுப் போறேன் மாமா. கோவத்துல கை பட்டுடுச்சு."

"சரி மாப்பிள்ளை" என்றார் ஒருவெட்டார். சொல்லிவிட்டு, போன் பிடித்த கையைப் பார்த்தார். அந்தக் கைக்கு வேண்டியது வேறு ஒன்று. அதை அவர் மடக்கித் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவருக்குத் தெரிந்து இரண்டு வழிதான் இருந்தது. மகளை அனுப்புவது, அல்லது அவனைக் கொல்வது. இரண்டாவதைக் கூடாதென்று எழுதியிருந்தது. ஆகவே சனிக்கிழமை கூடத்தில் மறுபடியும் தொடைக்கறி வெட்டினார். மகள் அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவளிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

கறியை மனைவியிடம் கொடுத்துவிட்டு, சனி மத்தியானம் வழக்கம்போல் ஆலயத்துக்குப் போனார். மறுநாள் பகுதியைக் காலிப் பெஞ்சுகளுக்கு ஒரு தடவை சத்தமாக வாசித்துப் பார்ப்பது அவர் பழக்கம். இல்லாவிட்டால் பெயர்களில் நாக்கு புரளும். மேடையில் வாசிப்பு மேசைமேல் இருப்பது பெரிய வேதாகமம். பதினெட்டு, பத்தொன்பது, இருபது, இந்த மூன்று அதிகாரமும் வாசிக்க வேண்டும். பதினெட்டை முடித்துத் தாளைத் திருப்பினார். இருபது வந்தது. பின்னால் திருப்பினார், பதினெட்டு. தாளை மறுபடியும் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்தார். தோல் ஒற்றையா இரட்டையா என்று தொட்டே சொல்லுகிற விரல்கள். இது இரட்டை.

இடுப்பு உறையில் தோலுரிக்கிற மெல்லிய கத்தி இருந்தது. விளிம்பில் வைத்து மெதுவாக ஓட்டினார். பசை விளிம்பில் மட்டும், நூல் பிடித்த மாதிரி தடவியிருந்தது. கடித உறையை ஒட்டிப் பழகிய கை. உள்ளே ஓர் எழுத்துகூடக் கெடவில்லை. கத்தியை வாசிப்பு மேசையின் இழுப்பறையில் போட்டுவிட்டு வாசிக்கத் தொடங்கினார்.

ஒரு பெண் புருஷனை விட்டுவிட்டு அப்பன் வீட்டுக்கு வந்துவிடுகிறாள். நாலு மாதம் கழித்துப் புருஷன் கூட்டிப்போக வருகிறான். மாமனாருக்கு ஒரே சந்தோஷம். இரு மாப்பிள்ளை, சாப்பிடு மாப்பிள்ளை என்று ஐந்து நாள் சாப்பாடும் குடியும். ஒருவெட்டார் இங்கேயே நின்று, அந்த வரிகளை இன்னொரு தடவை படித்தார். மேலே போனார். வழியில் அந்நிய ஊரில் தங்குகிறார்கள். ரவுடிக் கூட்டம் வீட்டைச் சூழ்ந்துகொண்டு அவனை வெளியே விடு என்கிறது. அவன் அவளைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டுக் கதவுக்கு உள்ளே இருந்துகொள்கிறான். விடியும்வரை அவளைச் சீரழிக்கிறார்கள். காலையில் அவன் கதவைத் திறக்கிறான். அவள் வாசற்படியில் கை வைத்தபடி விழுந்து கிடக்கிறாள். எழுந்திரு, போகலாம் என்கிறான். பதில் இல்லை. வீட்டுக்குக் கொண்டுபோய், கத்தியை எடுத்து, எலும்போடு பன்னிரண்டு துண்டாக வெட்டி நாடெங்கும் அனுப்புகிறான்.

பன்னிரண்டு. ஒருவெட்டாரின் மனது தன்னை அறியாமல் மூட்டுகளை எண்ணியது. தோள் இரண்டு, முழங்கை இரண்டு, இடுப்பு இரண்டு. எண்ணி முடிப்பதற்குள் வெளியே ஓடிப்போய்ச் சுவரோரம் வாந்தி எடுத்தார். முப்பத்தைந்து வருடம் ரத்தத்தில் நின்ற மனிதர்.

திரும்பி வந்து இருபதையும் வாசித்தார். இப்போது ஆண்களெல்லாம் கூடி அவளுக்காகச் சண்டைக்குப் போகிறார்கள். ஆயிரம் ஆயிரமாக ஒருவரையொருவர் வெட்டிச் சாய்க்கிறார்கள். விரலை வைத்து ஆரம்பத்திலிருந்து மறுபடியும் தேடினார். அப்பன் பேசுகிறான், புருஷன் பேசுகிறான், வேலைக்காரன்கூடப் பேசுகிறான். அவள் பேசுகிற ஒரு வரி எங்கும் இல்லை.

"என்ன அண்ணே, முகமெல்லாம் வெளுத்துப்போச்சு?" போதகர் பின்னால் வந்து நின்றார்.

ஒருவெட்டார் தாளைக் காட்டினார். "இதை யாரோ ஒட்டி வச்சிருக்காங்க ஐயா."

போதகர் விளிம்பைத் தடவிப் பார்த்தார். பிறகு முதல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

"தபால்காரர்தான். எட்டு வருஷம் முன்னாடி அவர் மகளை நான்தான் அடக்கம் பண்ணேன். பெட்டியைத் திறக்கலை, முகம் பாக்கிற மாதிரி இல்ல. மாடிப்படியில விழுந்துட்டாள்னு அவ புருஷன் வீட்டுல சொன்னாங்க. அப்படி விழ எத்தனை மாடி வேணும்னு யாரும் கேக்கல. நானும் கேக்கல. அதுக்கு ஒரு வாரம் முன்னாடி தபால்காரர்தான் அவளை அந்த வீட்டுல கொண்டுபோய் விட்டுட்டு வந்தாரு."

ஒருவெட்டார் மேசையைப் பிடித்துக்கொண்டார். ஒரு கடிதத்தைக்கூட நிறுத்தக் கூடாது என்ற மனிதர் இந்த ஒன்றைத்தான் நிறுத்தினார். அது அவர் பெயருக்கு வந்திருந்தது.

"நாளைக்கு இதை விட்டுடுங்க அண்ணே. குழந்தைங்க இருக்காங்க."

"குழந்தைங்களை வகுப்புக்கு அனுப்பிடுங்க. முழுசும் உண்மைன்னு நீங்கதானே எனக்குச் சொல்லிக்கொடுத்தீங்க?"

"உண்மைதான். உண்மைன்னா அதுல இருக்கிறவன் செஞ்சதெல்லாம் நல்லதுன்னு அர்த்தமா? நடந்ததைச் சொல்றது வேற, செய்யுன்னு சொல்றது வேற. அவனவன் தனக்குச் சரின்னு பட்டதைச் செஞ்சா மனுஷன் எவ்வளவு கேவலமாப் போவான்னு அது காட்டுது. மறைக்காமக் காட்டுது. அதனாலதான் நான் அதை நம்புறேன். நம்மளா எழுதியிருந்தா இதை எழுதியிருக்க மாட்டோம்."

"அப்ப நான் எந்த வரியைப் பார்த்து என் பொண்ணை ரெண்டு தடவை அனுப்பினேன்? பிரிக்கக் கூடாதுங்கிறது பொய்யா?"

"பொய் இல்ல அண்ணே. ஆனா அதைத் தனியா வெட்டி எடுத்துட்டீங்க. உங்க மாப்பிள்ளையும் அப்படித்தான். மனைவி அடங்கணும்னு படிப்பான். அதே மூச்சுல புருஷனுக்கும் எழுதியிருக்கே, அவளுக்காக உன் உயிரையே கொடுன்னு. அதுக்கு முன்னாடியே நிறுத்திடுவான். ஒரு வரியை வேதத்துல இருக்கிற மத்த வரியை வச்சுத்தான் படிக்கணும். நம்ம வசதியை வச்சு இல்ல." போதகர் தரையைப் பார்த்தார். "இதை நான் எப்பவோ அவன்கிட்ட சொல்லியிருக்கணும். பாட்டுக் குழுவை நல்லா நடத்துறான்னு விட்டுட்டேன்."

இது ஒருவெட்டாருக்கு விளக்கம் இல்லாமலே புரிந்தது. மூட்டைப் பார்க்காமல் நட்டநடு எலும்பில் வெட்டுகிறவனுடைய கறியில் சில்லுதான் இருக்கும். சாப்பிடுகிறவன் தொண்டையைக் கிழிக்கும். தன் மகளுக்கு அதைத்தான் இரண்டு தடவை ஊட்டியிருக்கிறார்.

"நான் படிக்கத்தான் போறேன் ஐயா."

போதகர் பெஞ்சிலிருந்து எழுந்தார். "படிங்க. நான் பக்கத்துல நிக்கிறேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை முதல் வரிசையில் பாட்டுக் குழுவோடு உட்கார்ந்திருந்தான், சட்டை நன்றாகத் தேய்த்திருந்தது. நாலாவது வரிசையில் மகள், கழுத்திலிருந்து தொங்கும் கட்டுக்குள் கை. அவள் பக்கத்தில் அம்மா. குழந்தைகளை அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். பதினெட்டை வாசித்தபோது சபை வழக்கம்போல் தூங்கிற்று. பத்தொன்பதில் அப்பன் மாப்பிள்ளைக்குச் சோறு போடத் தொடங்கியதும் ஒன்றிரண்டு தலை நிமிர்ந்தது. வாசிக்கிறவருடைய குரல் உடைந்தது. ஐந்து நாள் விருந்தையும் அவர் ஒரு சொல் விடாமல் வாசித்தார். அந்தச் சோற்றின் ஒவ்வொரு கவளமும் அவருக்குத் தன் வீட்டுத் தட்டில் தெரிந்தது. மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவளைப் பிடித்து வெளியே தள்ளுகிற இடம் வந்தபோது மாப்பிள்ளை எழுந்தான்.

"போதும் மாமா. நம்ம வீட்டு விஷயத்தை மேடையில வைக்கிறீங்களா?"

"நான் வைக்கல மாப்பிள்ளை. இங்க எழுதியிருக்கு."

அடுத்த வரியைத் தொடங்குவதற்குள் அவன் மேடை ஏறிவிட்டான். வேதாகமத்தின் கனத்த அட்டையை எடுத்து அவர் கைமேல் ஓங்கி அறைந்து மூடினான். அவர் விடவில்லை என்றதும் முழங்கையால் முகத்தில் இடித்தான். மூக்கெலும்பு நொறுங்கும் சத்தம் பின்வரிசைவரை கேட்டது. இன்னொரு இடி. உதடு பிளந்து பல்லில் மாட்டிக்கொண்டது. பக்கத்தில் நிற்கிறேன் என்ற போதகர் இரண்டடி பின்னால் போனார். பிறகு மூன்றடி முன்னால் வந்து அவனைப் பிடித்தார், அதையும் சொல்லிவிட வேண்டும். அவன் போதகரையும் உதறித் தள்ளினான். பெஞ்சுகள் சரிந்தன. யாரோ ஒரு பெண் அலறினாள்.

ஒருவெட்டாரின் இடது கை மேசைக்குக் கீழே இழுப்பறையைத் திறந்துவிட்டது. விரல் கத்திப் பிடியைத் தொட்டது. மாப்பிள்ளையின் கழுத்து ஒரு முழ தூரத்தில் இருந்தது. எங்கே அமுங்கும் என்று தடவிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. பீப்பாய்க்குள் அமுக்கிய அந்தப் பழைய சந்தோஷம் உள்ளங்கையில் ஊறியது. பொய் சொல்வானேன், அவருக்கு ஆசையாக இருந்தது.

அப்போதுதான் இருபதாம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. அவளுக்காக என்று சொல்லிக்கொண்டு கத்தியோடு போனவர்கள். அத்தனை பிணம். அவள் பேச ஒரு வரி இல்லை.

முழங்காலால் இழுப்பறையை இடித்து மூடினார். அதற்குள் ஆட்கள் ஏறி மாப்பிள்ளையை இழுத்துப் பெஞ்சில் அழுத்திப் பிடித்துவிட்டார்கள். ஒருவெட்டார் புத்தகத்தைத் திறந்து, விட்ட இடத்தைத் தேடினார். மூக்கிலிருந்து ரத்தம் சொட்டுச் சொட்டாகத் தாளில் விழுந்தது. அதைப் புறங்கையால் வழித்துவிட்டு மிச்சத்தையும் வாசித்தார். வாசற்படியில் கிடந்த கைகளை, எழுந்திரு போகலாம் என்றதை, பதில் வராததை, கத்தியை, பன்னிரண்டை. இப்போது யாரும் தூங்கவில்லை. அந்த அதிகாரத்தின் கடைசியில், இதைக் கண்டவர்கள் எல்லாம் யோசியுங்கள், பேசுங்கள் என்று முடிகிறது. அங்கே நிறுத்தினார்.

மேடையை விட்டு இறங்கி நாலாவது வரிசைக்குப் போனார். சட்டை முன்பக்கம் முழுக்கச் சிவப்பு, கூடத்திலிருந்து வந்தவர் மாதிரி. மகள் முன்னால் நின்றார். உதடு கிழிந்திருந்ததால் வார்த்தை தெளிவாக வரவில்லை.

"உனக்கு என்னம்மா வேணும்? நீ சொல்லு."

அவள் வாயைத் திறப்பதற்குள் முன்வரிசையில் நாலு பேர் பிடிக்குள் இருந்தவன் திரும்பிக் கத்தினான். "எழுந்திரு, போலாம்."

சபை மொத்தமும் அந்த வார்த்தையை இப்போதுதான் கேட்டிருந்தது. மகள் எழுந்தாள். எழுந்ததைப் பார்த்து அம்மா அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள்.

"போகல" என்றாள் மகள், அவனைப் பார்த்து. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

பிறகு அப்பா பக்கம் திரும்பினாள். நல்ல கையால் அவர் உதட்டு ரத்தத்தைத் துடைத்துவிட்டாள்.

"மொதல் தடவை கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்பா. நீங்க கறி வெட்டப் போயிட்டீங்க."